பத்து மணிச் சோறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பிடுவேன். கல்யாணமாகி இந்த மலைக்கு மருமகளாக வந்த நாள் முதல் அப்படித்தான். இதை ஒரு திருட்டுக் குற்றம் போல என்னிடம் விசாரித்தவர்கள் ஏராளம். ஏன் பத்து மணி என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரும், நான் மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தபோதுதான் கேட்டார்.

இப்போது தேறிவிட்டேன். மாத்திரை இன்னும் ஓடுகிறது. மதியச் சமையல் முடிந்து சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் கடையில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள்தான், எழுத வரும். கோபம் அதைவிட நன்றாக வரும். அங்கங்கே சூடாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும், பொறுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் கடை வாழவந்தி நாடு என்கிற மலைக் கிராமத்தில், கடைசி பஸ் மலையேறி வந்து ராத்திரி தங்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. பகலில் இட்லி, சாப்பாடு, டீ. சனி ஞாயிறில் அருவி பார்க்க வரும் கீழ்நாட்டுக்காரர்களுக்கு முடவாட்டுக்கால் சூப். பாறையில் ஒட்டி வளரும் கிழங்கு அது, ஆட்டுக்கால் போல மயிரோடு இருக்கும், மூட்டுவலிக்கு நல்லது என்று வாங்கிக் குடிப்பார்கள். ராத்திரி அந்தக் கடைசி பஸ்ஸின் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு எங்கள் கடையில்தான்.

என் புருஷன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மலையேறி வருகிற பஸ்காரர்கள் உண்ணும்வரை உலை வைத்தவள் அந்தப் பானையில் கரண்டி போடக் கூடாது. வளைவில் டயர் வெடிக்கும், மழையில் மண் சரியும், அவர்கள் எப்போது வந்தாலும் பானை நிறைந்திருக்க வேண்டும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உலை வைத்தவள் என்று சொல்லியிருக்கிறார்களே தவிர, உலை வைத்தவன் என்று சொல்லவில்லை. என் புருஷன் சின்னராசு எட்டு மணிக்கு மதியச் சோற்றில் மிஞ்சியதை உண்டுவிட்டு டிவி பார்ப்பார். நான் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

போன மழைக்காலம் முடிந்தபோது என் உடம்பு பெருக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இமை இரண்டும் உப்பியிருக்கும். சாயங்காலம் கொலுசு காலை இறுக்கும். ரவிக்கைக் கை ஏறவில்லை. ஊரில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொன்னாள், கடைக்காரி நல்லா விளைஞ்சிட்டா என்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. நானும் சிரித்துவிட்டுச் சாம்பார் ஊற்றினேன்.

பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலைக்குக் கீழே ஒரு டவுனில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் இவர். டவுனின் பெயரையும் டாக்டரின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவர் பெயரை எழுதினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

அங்கே காத்திருக்கும் அறையில் காலையில் உட்கார்ந்தோம், கூப்பிடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். டாக்டர் அந்த எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?”

“பத்து ஆகுங்க. சில நாளு பத்தரையும் ஆகுமுங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “அதான்,” என்றார். “ராத்திரி லேட்டா சாப்பிட்டா அப்படியே கொழுப்பாத்தான் போகும். ஏழு மணிக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது.”

அவ்வளவுதான் வைத்தியம். என் காலைத் தொடவில்லை. இமையைப் பார்க்கவில்லை. ரத்தம், சிறுநீர் எதுவும் எடுக்கவில்லை. அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார், அதில் ஓட்ஸ் என்று போட்டிருந்தது. சாமையும் கேழ்வரகும் விளைகிற மலையிலிருந்து இறங்கி வந்தவளுக்கு ஓட்ஸ். ஃபீஸ் மட்டும் மறக்காமல் வாங்கினார்கள்.

ஆனாலும் டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா, நான் கேட்டேன். ஏழு மணிக்கு ஒரு தோசை தின்றுவிட்டு வாயைக் கட்டினேன். பத்து மணிக்குப் பஸ்காரர்களுக்குச் சோறு போடும்போது வயிறு கூப்பாடு போடும். பசி தாங்காமல் தூக்கம் வராது. மலையில் யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: சோறுதானே வேண்டாம், சூப்பைக் குடி, அது மூலிகை, உடம்பில் ஒட்டாது. எனக்கும் சரியென்றுதான் பட்டது. கடையில் இருக்கவே இருக்கிறது கிழங்கு. மிளகும் உப்பும் தூக்கலாகப் போட்டு இரண்டு டம்ளர், பசி அதிகமானால் மூன்று டம்ளர் குடித்துவிட்டுப் படுப்பேன். உப்புப் போட்ட மோரும் உண்டு. நாக்குக்கு இதமாகத்தான் இருந்தது.

எடை குறையவில்லை, ஏறியது. சாப்பாடு நின்ற பிறகுதான் வேகமாக ஏறியது. கொலுசைத் தட்டானிடம் கொடுத்து அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

மறுபடி அதே டாக்டர், அதே மெஷின்.

“நான் சொன்னபடி கேக்கல போல.”

“சத்தியமாக் கேட்டனுங்க. ராத்திரி ஒரு பருக்க உள்ள போகலீங்க.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. “பொய் சொல்லக் கூடாதும்மா. காத்தக் குடிச்சு யாருக்கும் எடை ஏறாது.” பிறகு என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சொன்னார், “ராத்திரில என்ன நடக்குதுன்னு நீங்கதான் கவனிக்கணும். ஓட்டல் வெச்சிருக்கறீங்க வேற.”

நான் அங்கேயே செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த என் புருஷன், என்னோடு பிள்ளைகள் இரண்டைப் பெற்று வளர்த்து வேலைக்கு அனுப்பிய மனிதர், தலையை ஆட்டினார். ஆமாங்க, பாத்துக்கறனுங்க என்றார். திரும்பும் வழியில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு இரும்புக் கடையில் நுழைந்தார். எனக்கு எதற்கென்று புரியவில்லை.

அன்று ராத்திரி புரிந்தது. பஸ்காரர்கள் உண்டு முடித்ததும் மீதிச் சோற்றுக் குண்டானையும் குழம்பையும் தூக்கிச் சரக்கு அறையில் வைத்துப் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

“உன் நல்லதுக்குத்தான் புள்ள,” என்றார்.

டிரைவர் தங்கவேல் அண்ணன் கை கழுவிக்கொண்டு நின்றவர் அதைப் பார்த்துவிட்டார். வருஷக் கணக்காக என் கையால் உண்கிறவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஊருக்கே சோறு போடுகிறவளிடமிருந்து சோற்றைப் பூட்டி வைத்தார்கள். இதற்குமேல் ஒரு பெண்ணை என்ன செய்ய வேண்டும். நான் அழவில்லை. சூப்பை எடுத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

பூட்டுப் போட்ட பிறகும் எடை ஏறியது. அப்போதாவது யோசித்திருக்கலாம். இல்லை, மாற்றுச் சாவி வைத்திருக்கிறேனா என்று என் துணிப் பெட்டியைத் துழாவினார். என்னையே நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்றுகூட ஒரு நாள் பயந்தேன். எத்தனை பேர் சேர்ந்து சொன்னால் ஒருத்திக்குத் தன் வாய் மீதே நம்பிக்கை போகும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு விடியற்காலை மூச்சு நின்றுவிடும் போல ஆயிற்று. படுத்தால் தண்ணீருக்குள் முங்கியது போல இருந்தது, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. முதல் பஸ் கிளம்பும் நேரம். தங்கவேல் அண்ணன் ஓடி வந்து, இவரும் கண்டக்டரும் ஆளுக்கொரு கை பிடிக்க, என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். “அக்காவுக்கு மூச்சு முட்டுது, வழில கை காட்டறவங்க அடுத்த பஸ்ஸுல வரட்டும்,” என்று கண்டக்டர் சொல்ல, ஏறியிருந்தவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் வண்டியை மெதுவாக, குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காரவள்ளியில் மலை முடிந்து ரோடு நேராகும் இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது, கண்டக்டர் மேலேயே போன் பண்ணிவிட்டிருக்கிறார்.

கீழே அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாய்ந்தபடியே கிடந்தேன். வயதில் சின்னவரான ஒரு டாக்டரம்மா வந்தார். ராத்திரி முழுக்க முழித்திருந்த முகம்.

“எத்தன நாளா வீக்கம்?”

“வீக்கமில்லீங்க. உடம்பு பெருத்துட்டுதுங்க.”

நானே அப்படித்தான் சொன்னேன். ஊர் சொன்னதை வாங்கி என் வாயும் சொன்னது.

அவர் என் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு எடுத்தார். பிசைந்த மாவில் விரல் பதிந்தது போலக் குழி அப்படியே நின்றது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

“இது கொழுப்பு இல்லம்மா. தண்ணி. கொழுப்புல இப்படிக் குழி விழாது. யூரின் நுரைக்குதா?”

“ஆமாங்க. சோப்பு கரைச்சாப்பல நிக்குமுங்க.”

“எத்தன நாளா?”

“அஞ்சாறு மாசமாவே அப்படித்தானுங்க.”

“யாருகிட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேக்கலீங்க.”

அவர் உடனே ஒரு சின்னக் குப்பியில் சிறுநீர் பிடித்து வரச் சொல்லி, அதில் ஒரு காகிதக் குச்சியை முக்கினார். மஞ்சளாக இருந்தது கரும்பச்சை ஆயிற்று. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற சோதனை. அந்தக் குச்சி ஒன்றும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை, எந்த மருந்துக் கடையிலும் இருக்கிறது. இரண்டு முறை நான் அந்த கிளினிக் படி ஏறியிருக்கிறேன். நினைக்க நினைக்க இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

வியாதியின் பெயர் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம். டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சிறுநீரகம் ஒரு வடிகட்டி. கழிவை வெளியே விட்டு, உடம்புக்கு வேண்டிய புரதத்தை உள்ளே நிறுத்த வேண்டும். என் வடிகட்டியில் கண் பெரிதாகிவிட்டது. டீ வடிகட்டி கிழிந்தால் தூள் இறங்குவது போலப் புரதம் சிறுநீரில் போகிறது, அதுதான் நுரை. ரத்தத்தில் புரதம் குறைந்தால் ரத்தத்திலிருக்கும் தண்ணீர் அங்கே நிற்காது, காலிலும் இமையிலும் வயிற்றிலும் கசிந்து தேங்கும். உப்பும் உடம்பை விட்டுப் போகாது. என் நுரையீரலைச் சுற்றியும் தண்ணீர் கட்டியிருந்தது, அதுதான் மூச்சு முட்டல்.

“ராத்திரில என்னம்மா சாப்பிடுவீங்க?”

நான் சுதாரித்துக்கொண்டேன். இந்த டாக்டரும் அந்த ராத்திரிச் சாப்பாட்டில்தான் வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். “சோறு கெடையாதுங்க. பூட்டி வெச்சிருக்கறாங்க. சூப்பு மட்டுந்தானுங்க.”

“பூட்டியா?” என்றவர் அதை அப்புறம் கேட்கலாம் என்பது போல விட்டுவிட்டு, “என்ன சூப்?” என்றார்.

“முடவாட்டுக்காலுங்க. உப்பு, மொளகு போட்டு. ரெண்டு மூணு டம்ளருங்க.”

“உப்பு எப்படி?”

“வெறும் வயித்துக்குக் குடிக்கறமில்லீங்களா, கொஞ்சம் தூக்கலாத்தானுங்க.”

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்றார். தினமும் அவ்வளவு உப்பைக் குடித்துவிட்டு, புரதம் இருக்கிற சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். நான் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே நின்றிருக்கிறது. ராத்திரி சாப்பிடாதே என்று சொன்ன பேச்சைக் கேட்டதால்தான் இந்த அளவுக்கு முற்றியது. கேட்காமல் பத்து மணிக்குச் சோறு தின்றிருந்தால் சூப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

கிளினிக்கில் பத்து மணிச் சோற்றை நிறுத்தச் சொன்னதைச் சொன்னேன். “சரி, முன்னாடி எதுக்காகப் பத்து மணிக்குச் சாப்பிட்டீங்க?” என்றார்.

முதலில் சொன்ன அந்த ஒருவர் இந்த டாக்டரம்மாதான். நான் பஸ்ஸைச் சொன்னேன், வழக்கத்தைச் சொன்னேன், பூட்டையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஆக்சிஜன் குழாய்க்குள் அழுவது லேசான காரியமில்லை. டாக்டரம்மா நேராக ஜன்னல் பக்கம் போனார். பெண்கள் வார்டு, ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. இவர் வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நீங்கதான் வீட்டுக்காரரா? உங்க வீட்டம்மா பொய் சொல்லல. அவங்க பட்டினியா இருந்திருக்காங்க. இனிமே சாப்பாட்டுல உப்பு கூடாது.”

இவர் கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தடவியது. அப்புறம் எங்கேயோ போய்விட்டார். வெகுநேரம் கழித்து உப்பில்லாத இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். எந்த ஓட்டலில் உப்பில்லாமல் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று வார்டு ஆயா கேட்டதற்கு, நாலு கடை கெஞ்சி ஐந்தாவது கடையில் கிடைத்தது என்று அவளிடம் சொல்லியனுப்பினார். நான் இட்லியைத் தின்றேன். அவரோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி என்ன சொல்ல. ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரையெல்லாம் பெரிய கேனில் பிடித்து வைக்க வேண்டும், எவ்வளவு புரதம் போகிறது என்று கணக்கிட. அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தால் பால்காரி போல இருப்பேன். ஸ்கேனுக்கு வரிசை, ரத்தம் கொடுக்க வரிசை, முடிவு வாங்க வரிசை. ராத்திரியில் கொசுவும் முனகலும். இவர் வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் துண்டு விரித்துப் படுத்துக்கொள்வதாக ஆயா சொன்னாள். படுக்கட்டும் என்று இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சரசக்கா. பேளுக்குறிச்சிச் சந்தையில் கடுகு, சீரகம் விற்கிறவர். அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் சில நாட்கள் கீழ்த்தளத்தில் மெஷினில் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புவார்கள். டயாலிசிஸ் என்பது அது. போய்விட்டு வந்தால் துவைத்துப் பிழிந்த துணி போலக் கிடப்பார். ஒரு நாள் அவரிடம் கேட்டேன், முதலில் எப்படித் தெரிந்தது என்று.

“காலு வீங்குச்சு கண்ணு. சந்தைல நின்னு நின்னு வீங்குதுன்னாங்க. அப்பறம் மூஞ்சி வீங்குச்சு. பொழுதன்னிக்கும் தூங்கறான்னாங்க. நானும் நம்பிக்கிட்டேன்.”

“சிறுநீர் டெஸ்ட் எடுக்கலீங்களா?”

“அதெல்லாம் இங்க வந்த பொறவுதான் கண்ணு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பூட்டுக்குப் பயந்து சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தால் நானும் அந்த மெஷினில்தான். பயமா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வடிகட்டி ஏன் கெட்டது என்று பார்க்கச் சிறுநீரகத்திலிருந்து துளிச் சதை எடுத்தார்கள். பயாப்ஸி என்பார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரத்துப்போக வைத்து, மூச்சைப் பிடி என்று சொல்லி ஊசி போடுவார்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வலி கம்மி, பயம்தான் அதிகம். அதற்கப்புறம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். முடிவு வருகிறவரை நான் சரசக்காவைப் பார்க்காமல் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்தேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

முடிவு நல்லதாக வந்தது. சேதம் பெரிதாக இல்லாத வகை, ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கட்டுப்படும் என்றார்கள். வியாதி திரும்பி வரலாம், கவனமாக இருக்க வேண்டும், ஆனால் சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளும்.

நீர் பிரிய ஊசி போட்ட நாளிலிருந்து தண்ணீர் வடிய ஆரம்பித்தது. தினமும் காலையில் எடை பார்ப்பார்கள். நான் வார்டில் கொடுக்கிற சாப்பாட்டையெல்லாம் விடாமல் தின்றேன். முட்டை தின்றேன். ராத்திரி பசித்தால் ரொட்டி தின்றேன். காலையில் ஏறி நின்றால் எடை குறைந்திருக்கும். தினமும் குறைந்தது.

“தின்னத் தின்ன எளைக்கற ஒரே பொம்பள நீதான் கண்ணு,” என்று சரசக்கா சிரித்தார். வார்டே சிரித்தது. ரொம்ப நாளுக்கு அப்புறம் நானும் சிரித்தேன்.

ஒரு நாள் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். ராத்திரி தாமதமாகச் சாப்பிட்டால் உடம்பு பெருக்குமா, பெருக்காதா.

“முழுசா பொய்யின்னு சொல்ல மாட்டேன்மா,” என்றார். “ராத்திரி தள்ளிச் சாப்பிடறவங்க, தெரியாம அதிகமாச் சாப்பிட்டுடுவாங்க. தூக்கம் கெடும், நெஞ்சு எரியும். அந்த நேரத்துல உடம்பு சோத்த வேற மாதிரி எடுத்துக்குதுன்னும் சொல்றாங்க, அது கொஞ்சந்தான் இருக்கும். நாள் பூரா மொத்தமா எவ்வளவு சாப்பிடறீங்க, எவ்வளவு வேலை செய்யறீங்க, அதுதான் முக்கியம். ஆனா கொஞ்ச நாள்ல திடீர்னு கிலோ கிலோவா ஏறுனா அது சோறு இல்ல. சோறு அவ்வளவு சீக்கிரம் உடம்பாகாது. அது தண்ணிதான். காலை அழுத்திப் பாக்கணும்.”

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று?

வீட்டுக்குக் கிளம்பிய நாள், கிளினிக் டாக்டரைப் பார்க்காமல் மலையேற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் இவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். மறுபேச்சில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரின் முன்னால் டிஸ்சார்ஜ் தாளை வைத்தேன். படித்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது போல இருந்தது, எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

“ஓ, கிட்னியா. நல்லவேளை, கண்டுபிடிச்சுட்டாங்க,” என்றார். பிறகு சொன்னார், “ஆனாலும் ராத்திரி லேட்டாச் சாப்பிடறத விட்டுருங்க.”

நான் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிறகு ஒன்று கேட்டேன். “நீங்க எத்தன மணிக்குங்க சாப்பிடறீங்க?”

“எங்கேம்மா, பேஷண்ட் முடிச்சு வீட்டுக்குப் போகவே பதினொண்ணு ஆயிடுது.”

“அப்ப உங்க ஊட்டுலயும் பானையப் பூட்டி வெச்சிருக்கறாங்களுங்களா?”

அவருக்கு விளங்கவில்லை. என் பக்கத்தில் நின்ற மனிதருக்கு விளங்கியது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸ்டீராய்டு மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு, முகம் உருண்டையாக உப்பும், பசியும் கூடும். இதையும் டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியனுப்பினார். நான் ஊரில் இறங்கியதும் முதல் ஆளாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள், “ஆஸ்பத்திரில நல்லாக் கவனிச்சாங்களாட்ட இருக்குது, கன்னமெல்லாம் தொம்முன்னு இருக்குது” என்று. அவள் காலை அங்கேயே நிறுத்தி வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. போய்ப் பிழைத்துக்கொள் என்று விட்டேன். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் யாராவது திடீரென்று பெருத்துவிட்டேன் என்று சொன்னால் கரண்டியை வைத்துவிட்டு வந்து காலை அழுத்திவிடுகிறேன். பைத்தியக்காரி என்கிறார்கள்.

கடையை மறுபடி திறந்த அன்று சாயங்காலம் இவரே எனக்கு உப்பில்லாத ரசம் வைத்து, ஏழு மணிக்குத் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தார்.

“நேரத்தோட உண்டுரு புள்ள. டாக்டர் சொன்னாருல்ல.”

நான் அவரைப் பார்த்தேன். இவ்வளவும் நடந்த பிறகும் நேரம்தான் இவருக்கு உறைத்திருக்கிறது. சரக்கு அறைக் கதவில் அந்தப் பூட்டு இல்லை, கொண்டி மட்டும் தொங்கியது.

“ஏனுங்க, நான் பத்து மணிக்கு உண்டது பசியெடுத்தா? எத்தன பேரு என்னய நேரத்தோட உண்ணுன்னு சொன்னீங்க. ஒருத்தராச்சும், நீ உண்ணு, நான் பரிமாறிக்கறேன்னு சொன்னீங்களா?”

அவர் தட்டைத் திரும்ப எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“ஏழு மணிக்கு எனக்குப் பசிக்காது. பத்து மணிக்குத்தான் உண்ணுவேன். பஸ்காரங்களோட ஒண்ணா உக்காந்து உண்ணுவேன். நீங்க போடுங்க.”

பஸ் வந்தது. தங்கவேல் அண்ணன் கை கழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், நான் இலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்ததைப் பார்த்து ஒரு கணம் திகைத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார். கண்டக்டர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார். இவர் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து, முதலில் அவர்களுக்குப் போட்டு, அப்புறம் எனக்குப் போட்டு உப்பில்லாத ரசத்தை ஊற்றினார். பரிமாறிப் பழக்கமில்லாத கை, பாதி சோறு மேஜையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இலை காலியானபோது கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றார்.

“இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுமா?” என்றார்.

“வைங்க,” என்றேன்.